எங்கள் வீட்டுக் கொழுப்பு

உரக்கடைக்காரனுக்குப் பாட்டு தெரியாவிட்டாலும் மூட்டை எண்ணத் தெரியும். யூரியா மூட்டை 45 கிலோ, டிஏபி 50 கிலோ. லாரியிலிருந்து இறங்கும்போது நான் கல்லாவில் உட்கார்ந்து யாரோடாவது வம்பு பேசிக்கொண்டிருப்பேன். கடைசி மூட்டை விழுந்ததும் மொத்தம் எத்தனை என்று சொல்வேன், தப்பாது. இருநூறு, முந்நூறு மூட்டை தப்பாமல் எண்ணுகிற மனிதன், பதினாறு வரைக்கும் எண்ணத் தெரியாமல் சென்னையில் ஒரு ஏசி ஹாலில் மானம் போய்த் திரும்பிய கதை இது.

மகள் பிளஸ் டூ முடித்தாள். நான் பி.காம் விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தேன். அவள் சாக்ஸபோன் என்றாள். குற்றம் அவள்மேல் இல்லை. 1994ல் வந்த ‘டூயட்’ படத்தின் கேசட்டைக் கடையில் நாடா தேயும்வரை ஓட்டியவன் நான். கத்ரி கோபால்நாத் ஊதியதைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, நெல்லுக்குப் பொட்டாஷ் கேட்டவருக்கு ஜிப்சம் எடுத்துக் கொடுத்தவனும் நான்தான். அந்தக் கேசட்டுக்கு வட்டி இப்போது வந்து நின்றது. ஆல்ட்டோ சாக்ஸபோன் விலையைக் கேட்டேன். கறவையில் இருக்கிற ஜெர்சி மாட்டு விலை.

“மாடாவது பால் கொடுக்கும்” என்றாள் என் மனைவி. ஆனால் அடகுக்கடைக்கு வளையலைக் கழற்றிக் கொடுத்ததும் அவள்தான். அந்த நகையைப் பற்றி நான் மேலே எழுதினால் கட்டுரை சோகமாகிவிடும்.

பாப்பா படிப்பது சென்னையில் ஒரு இசைப் பள்ளி. பெயரைச் சொல்ல மாட்டேன்; நான் அங்கே கை தட்டிவிட்டு வந்த பிறகு, அவர்கள் மானத்தையும் சேர்த்துக் காப்பாற்றுகிற பொறுப்பு எனக்கு இருக்கிறது. ஜாஸ் படிக்கப் போகிறேன் என்று அவள் சொன்னபோது, “அதெல்லாம் அமெரிக்காவுல இல்ல படிப்பாங்க?” என்று கேட்டேன். ஏ.ஆர்.ரஹ்மான் 2008ல் சென்னையில் கே.எம். இசைக் கல்லூரி ஆரம்பித்ததைச் சொன்னாள். அதுகூடப் பரவாயில்லை, சென்னை. 2010ல் செய்யூர் பக்கம் ஸ்வர்ணபூமி என்று ஒரு இசைப் பள்ளி, கிதார் பிரசன்னா தலைமையில் ஜாஸ் சொல்லிக்கொடுத்தது என்றாள். செய்யூர் அப்போது நம்ம காஞ்சிபுரம் மாவட்டம்தான். 2019ல்தான் செங்கல்பட்டோடு பிரிந்து போயிற்று. அந்த ரோட்டில் நான் எத்தனை தடவை உரம் ஏற்றிக்கொண்டு போயிருப்பேன்! வழியில் டீ நன்றாயிருக்கும் கடை எது என்று கேட்டால் சொல்வேன். ஜாஸ் காதில் விழவில்லை.

சனி ஞாயிறில் எங்கள் ஊர் உத்திரமேரூருக்கு வருவாள். வந்தால் காலை ஐந்தரைக்குச் சாதகம். ஒரே சுரத்தை மூச்சு தீரும்வரை பிடிக்க வேண்டுமாம். முதல் மாதம் அந்தச் சுரம் எங்கே பிறந்து எங்கே போகிறது என்று சுரத்துக்கே தெரியவில்லை. எதிர்வீட்டு எருமை மட்டும் ஒவ்வொரு முறையும் நிதானமாகப் பதில் சொல்லும். பக்கத்து வீட்டு அக்கா மதில்மேல் தலையை நீட்டி அக்கறையோடு விசாரித்தார்: “தம்பி, உங்க பம்ப்செட்டு காத்து இழுக்குது போல. வாஷர் மாத்திப் பாருங்க.”

என் அம்மாதான் முதலில் அதற்கு மரியாதை கொடுத்தாள். பாப்பா ஒரு சின்ன மூங்கில் பட்டை மாதிரி எதையோ வாயில் போட்டு ஊற வைத்துக்கொண்டிருந்தாள். அம்மா கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, “அட, சீவாளி!” என்றாள். அப்படித்தான். 1846ல் அடால்ஃப் சாக்ஸ் என்பவர் காப்புரிமை வாங்கிய அந்தப் பித்தளைக் குழாய்க்கும், நம் கோயில் வாசல் நாகசுரத்துக்கும் உயிர் ஒரு புல்துண்டில்தான் இருக்கிறது. நாகசுரத்தில் இரட்டைச் சீவல், இதில் ஒற்றை. உடம்பு முழுக்கப் பித்தளையாக இருந்தும் வெள்ளைக்காரர்கள் சாக்ஸபோனை மரக்காற்றுக் கருவிகளோடு சேர்ப்பது இந்தச் சீவாளியால்தான். இந்தத் தகவலால் எனக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. நான் ஃபீஸ் விஷயமாக எப்போது கேள்வி கேட்டாலும் அவள் வாயில் சீவாளி இருக்கும். ‘ம்ம்’ என்பாள். அது ஆமாமா இல்லையா என்று தெரிவதற்குள் அடுத்த தவணை வந்துவிடும்.

இரண்டாம் வருடம் முடிவில் ஒவ்வொரு மாணவரும் மேடையேறிக் குழுவோடு ஒரு உருப்படி வாசிக்க வேண்டும். அவளுக்கு வந்தது லத்தீன் ஜாஸ். உருப்படியின் பெயர் ‘மன்தேகா’.

பேர் நன்றாக இருக்கிறதே, அர்த்தம் என்ன என்று கேட்டேன். அவள் சீவாளியை வாயில் போட்டுக்கொண்டாள். நானே போனில் தேடினேன். ஸ்பானிய மொழி. கொழுப்பு. அதிலும் பன்றிக் கொழுப்பு.

அம்மா முற்றத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “பாட்டுக்கு என்னடா அர்த்தம்?” என்றாள். எங்கள் ஊர்ச் சுந்தரவரதப் பெருமாளைச் சேவிக்காமல் சனிக்கிழமை பச்சைத்தண்ணி குடிக்காதவள். நான் முதல் பாதியை விழுங்கிவிட்டு, “கொழுப்பு” என்றேன்.

“உனக்கா?”

“பாட்டோட பேரும்மா.”

பாப்பா சீவாளியைத் துப்பிவிட்டு ஓடிவந்தாள். “பாட்டி, சில நாட்டுல அதே வார்த்தைக்கு வெண்ணெய்னு அர்த்தம்.” உண்மைதான்; அர்ஜென்டினாவில் அப்படித்தானாம். அம்மாவின் முகம் மலர்ந்தது. வெண்ணெய் என்றால் கண்ணன் பாட்டு. அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க, எங்கள் வீட்டுப் பெண் மெட்ராஸ் மேடையில் கண்ணன் பாட்டு வாசிக்கப் போகிறாள் என்று ஆகிவிட்டது. மறுத்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பன்றியை எந்த இடத்தில் நுழைப்பது?

பாட்டின் பூர்வீகத்தை நான் விடாமல் படித்தேன். என் வியாதி அது. ஒரு பூச்சிமருந்து புட்டி வந்தால்கூட லேபிளில் ஒரு வரி விடாமல் படிப்பேன். டிஸி கில்லெஸ்பி என்று ஒரு ட்ரம்பெட்காரர். ஊதும்போது கன்னம் இரண்டும் தவளைக்கு உப்புவதுபோல் உப்பும். அவருக்குக் கோங்கா மேளம் வாசிக்க ஆள் தேவைப்பட்டது. மாரியோ பௌஸா என்ற கியூபாக்காரர், ஹவானாவிலிருந்து வந்திருந்த சானோ போஸோவை அறிமுகம் செய்துவைத்தார். போஸோவுக்கு இங்கிலீஷ் வராது, இசைக்குறிப்பு எழுதப் படிக்கத் தெரியாது. மனதில் இருந்ததை வாயால் பாடிக் காட்டினார்: இதை பாஸ் வாசிக்கட்டும், இதை சாக்ஸபோன், இதை ட்ரம்பெட். கில்லெஸ்பியும் கில் ஃபுல்லரும் எழுதிக்கொண்டார்கள். நடுவில் ஒரு பகுதியைக் கில்லெஸ்பியே போட்டுச் சேர்த்தார். எட்டு பார், அதாவது எட்டுத் தாள அளவு, என்று ஆரம்பித்து, நிறுத்த இடம் கிடைக்காமல் பதினாறில் போய் முடித்தார். வீடு கட்டின அனுபவம் உள்ளவர்களுக்கு இது புரியும். 1947 டிசம்பர் 30ல் இசைத்தட்டுக்குப் பதிவானது. அடுத்த டிசம்பரில், 1948ல், நியூயார்க்கின் ஹார்லெமில் ஒரு மதுக்கடையில் போஸோவைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். வயது முப்பத்துமூன்று.

இதையெல்லாம் தெரிந்துகொண்டவன் சும்மா இருந்திருக்கலாம். நடவு முடிந்து மேலுரம் வாங்க வந்தவர்களிடம் ஹவானாவைப் பற்றிப் பேசினேன். பாதிப் பேர் அது புது கம்பெனி யூரியா என்று நினைத்து விலை கேட்டார்கள்.

அப்போதுதான் எனக்கு உத்தியோகம் கிடைத்தது.

இந்த லத்தீன் வகை இசை முழுவதும் ஒரு சின்னத் தாளக்கட்டின் மேல் நிற்கிறது. பெயர் கிளாவே. ஐந்தே ஐந்து அடி. அதை வாசிப்பதற்கு இரண்டு குட்டை மரக்குச்சிகள் உண்டு. ஹவானா துறைமுகத்தில் கப்பல் கட்ட உபயோகித்த மரமுளைகளிலிருந்து அவை வந்ததாகச் சொல்கிறார்கள். வீட்டில் சாதகம் பண்ணும்போது யாராவது கூடவே அதை அடித்துக்கொண்டிருந்தால் நல்லது என்றாள் பாப்பா. மெஷின் இருக்கிறதாம், ஆனால் மெஷின் தூங்க வைத்துவிடுமாம். அவள் ஆறாவது படிக்கும்போது ஆண்டு விழாவுக்கு வாங்கிய கோலாட்டக் குச்சி பரணில் இருந்தது. ஜிகினா உரிந்துபோய் ஒரு ஓரத்தில் மட்டும் பச்சை மினுக்கியது. தட்டிப் பார்த்தேன். டிக்கென்று கேட்டது. பிறவிப் பயன் மாதிரி இருந்தது.

முதல் இரண்டு வாரம் அந்த ஐந்து அடி எனக்குப் பிடிபடவில்லை. மூன்று அடி சரியாக விழும். மீதி இரண்டும் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் மாதிரி ஓடிவந்து ஏறும். ஒருநாள் கடைக்கு எங்கள் ஊர் தவில்காரர் ஒருவர் வந்தார். அரை ஏக்கர் கத்தரிக்காய்க்கு உரம். நான் கல்லாப்பெட்டி மேல் தட்டிக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கையிலிருந்த பையைக் கீழே வைத்தார்.

“இதுல என்ன சாமி கஷ்டம்? தகிட, தகிட, தகதிமி, தக, தகதிமி. மூணு, மூணு, நாலு, ரெண்டு, நாலு. பதினாறு. ஆதி தாளத்துக்குள்ள அலுங்காம உக்காருது. ஒவ்வொரு சொல்லோட தலையிலயும் ஒரு அடி, அவ்ளோதான்.” டிஏபி மூட்டையின் மேல் இரண்டு விரலால் அடித்துக் காட்டினார். மூட்டையே வேறு மாதிரிப் பேசிற்று. “இதுக்கா பாப்பா மெட்ராஸ் போச்சு?”

அன்றைக்குப் பிடித்துக்கொண்டேன். குளிக்கும்போது தகிட தகிட. பைக்கில் போகும்போது ஹாரனில் தகிட தகிட. ரசீது போடும்போது பேனாவால். என் மகன் பத்தாவது படிக்கிறான். தோசைக்கல்லில் எண்ணெய் சுண்டுவதைக்கூட நான் கணக்குப் பண்ணுகிறேன் என்று தன் அம்மாவிடம் புகார் கொடுத்தான்.

பாப்பா வந்து கேட்டாள். கோலாட்டக் குச்சியில் நிமிர்ந்து உட்கார்ந்து அடித்தேன். அவள் இரண்டு சுற்று கேட்டுவிட்டு, “சூப்பர்ப்பா. ஆனா திருப்பிப் போட்டிருக்கீங்க” என்றாள்.

விஷயம் இது. அந்தப் பதினாறும் எட்டு எட்டாக இரண்டு பாதி. ஒரு பாதியில் மூன்று அடி, மறு பாதியில் இரண்டு அடி. சில பாட்டுக்கு மூன்று முன்னால் வரும், சில பாட்டுக்கு இரண்டு. மன்தேகாவுக்கு இரண்டுதான் முன்னால். ஒருமுறை ஆரம்பித்துவிட்டால் பாட்டு முடியும்வரை மாற்றக் கூடாது. மாறினால் ஆட்டக்காரர் கால் தடுமாறும், பியானோ ஒரு பக்கம் இழுக்கும், மேளம் ஒரு பக்கம் இழுக்கும். கியூபாக்காரன் பல்லைக் கடிப்பான்.

“ரெண்டுல ஆரம்பிச்சாலும் மூணுல ஆரம்பிச்சாலும் மொத்தம் அஞ்சுதானே?” என்றேன் வியாபாரியாக.

“கட்டில்ல தலைமாடு கால்மாடு மாறிப் படுத்தாலும் கட்டில் ஒண்ணுதான்” என்று சமையற்கட்டிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. “பக்கத்துல படுத்திருக்கறவ மூஞ்சியில கால் படும்.”

பாப்பா சிரித்துச் சிரித்துச் சீவாளியைக் கடித்துவிட்டாள். சீவாளியின் விலை இங்கே வேண்டாம்.

இரண்டை முன்னால் போட்டுப் பழகினேன். பழகியதும் கொழுப்பு ஏறியது. பாட்டின் பெயர் பலித்தது என்றுதான் சொல்ல வேண்டும். டிவியில் யாராவது பாடினால், “தாளம் ஓடுது” என்பேன். 1958ல் டேவ் புரூபெக்கின் ஜாஸ் குழு மதராஸ் வந்தபோது பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்கத்தைக் கேட்டு அசந்துபோன சங்கதியை, கரும்புக்கு உரம் கேட்டு வந்த பெரியவரிடம் சொன்னேன். மெல்லிசை மன்னரின் பழைய பாட்டு ரேடியோவில் வந்தால் பாங்கோஸ் வருகிற இடத்தில் விரலைத் தூக்கி, “இது லத்தீன்” என்பேன். பெரியவர், “லத்தீனோ லாத்தியோ, மூட்டையைத் தூக்கி வையிப்பா” என்றார்.

நிகழ்ச்சிக்கு ஒரு மாணவருக்கு நாலு பாஸ். வருகிறேன் என்று கிளம்பியவர்கள் பதினொரு பேர். கண்ணன் பாட்டு என்று அம்மா பண்ணிய விளம்பரம்.

உத்திரமேரூரில் பிறந்தவனுக்கு இப்படிப்பட்ட சிக்கலில் ஒரு வழி எப்போதும் உண்டு. வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டுகள். முப்பது குடும்பு, அதாவது இந்தக் காலத்து வார்டு மாதிரி; ஒவ்வொன்றுக்கும் தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுத்து, ஏரி வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் ஆள் பிடித்த ஊர். ஜனநாயகம் என்றால் வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து எங்கள் சுவரைப் படம் எடுக்கிறார்கள். நாலு பாஸ் எந்த மூலைக்கு?

தகுதி விதிகளும் அதே சுவரில் இருக்கின்றன. வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள், கால்வேலிக்கு மேல் வரி கட்டுகிற இறைநிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி. அந்த விதிப்படி உரக்கடைக்காரனான என்னைச் சபை வாசலில் செருப்பு விடக்கூட அனுமதித்திருக்க மாட்டார்கள். எனக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு விதி: பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்தில் விழக் கூடாது. போன ஆடியில் குலதெய்வம் கோயிலுக்குப் போனபோது வேன் செலவுக்குத் தலைக்கு இவ்வளவு என்று வசூலித்தது என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி. இன்றுவரை கணக்கு வரவில்லை. கல்வெட்டைக் காட்டி அவன் பெயரை நீக்கினேன். சோழன் ஆணை.

என் மகன் போனை நோண்டிக்கொண்டே, “அப்பா, கணக்கு காட்டாதவர் மட்டும் இல்ல, அவரோட சொந்தக்காரங்களும் கூடாதுன்னு போட்டிருக்கு” என்றான். அத்தை மாமன் பிள்ளைகள் என்று ஒரு நீளப் பட்டியல் வாசித்தான். நடுவில் நிறுத்தி என்னைப் பார்த்தான். “சகோதரியைக் கல்யாணம் பண்ணவரும் கூடாதாம்.”

கூடத்தில் இருந்த பத்துப் பேரும் மச்சானுடைய சகோதரியைப் பார்த்தார்கள். பிறகு அவளைக் கல்யாணம் பண்ணியவனைப் பார்த்தார்கள். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்தைய சட்டம், இந்தக் காலத்துக்கு ஒத்துவராத சரத்துகளைத் தளர்த்த வேண்டியதுதான் என்று நான் தீர்ப்புச் சொன்னேன். மச்சானுக்கு மட்டும் தளரவில்லை.

ஓலைக்குப் பதில் கடை ரசீதின் பின்பக்கம். பிளாஸ்டிக் குடம். பக்கத்து வீட்டு அக்காவின் பேரன், நாலு வயது, ஒன்றும் அறியாதவன்தான். முதல் சீட்டை எடுத்து வாயில் போட்டான். பிடுங்கிப் பிரித்தால் அவன் பாட்டி பெயர். பம்ப்செட் அக்கா! இரண்டாவது என் மகன். மூன்றாவது என் மனைவி. நாலாவது என் அம்மா. குடத்தைக் கவிழ்த்துத் தட்டினேன். என் சீட்டு கடைசியில் அடியில் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

ஊரே பார்த்து வியக்கிற முறைப்படி என் வீட்டில் நடந்த முதல் தேர்தலில் நான் தோற்றேன். அம்மா கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள். “எனக்கு முட்டி வலி. நீயே போய்த் தொலை. இல்லன்னா ராத்திரி பூரா குச்சிய தட்டிக்கிட்டு அழுவே” என்றாள்.

மச்சானிடம்தான் கார் இருக்கிறது என்பது அதற்கப்புறம்தான் எல்லோருக்கும் நினைவு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை, மே மாத வெயில். உத்திரமேரூரிலிருந்து செங்கல்பட்டுக்கு பஸ். அங்கிருந்து மின்சார ரயில். அக்கா பட்டுப்புடவையில் வந்திருந்தார். கண்ணன் பாட்டு இல்லையா! வண்டலூர் தாண்டும்போது புளிசாதம் பிரித்தார். என் மனைவி வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. மடியில் பையை வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். பயமா என்றேன். “இல்ல. அவ மூணாவது வரியில மூச்சு பத்தாம ரெண்டு வாரமா திணறினா. இன்னிக்கு எங்க எடுக்கப்போறாளோ” என்றாள். எனக்கு மூன்றாவது வரி எது என்றே தெரியாது. என் கவனம் முழுக்க வேட்டி மடிப்புக்குள் செருகியிருந்த கோலாட்டக் குச்சியில். எதற்கு எடுத்துவந்தேன் என்று கேட்காதீர்கள். தேவைப்பட்டால் உதவ.

வாசலில் பாதுகாவலர் குச்சியை வாங்கி வைத்துக்கொண்டார். டோக்கன் கொடுத்தார். கை இருக்கிறதே என்று உள்ளே போனேன்.

சின்ன ஹால். எலும்பைத் துளைக்கிற ஏசி. வந்திருந்த அப்பாக்கள் எல்லாம் அரைக்கால் சட்டையில், வேட்டி நான் ஒருவன்தான். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவருக்கு விசாலமான வழுக்கை. வீடியோ எடுக்க வேண்டும், கையும் காலியாக இருக்க வேண்டும். போனைச் சட்டைப் பையில், கேமரா வெளியே தெரிகிற மாதிரி நிறுத்தினேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்ட கடைசித் தருணம் அது.

முதலில் ஒரு பையன் பியானோ. பிறகு ஒரு பெண் பாடினாள். ஏழாவதாக எங்கள் வீட்டுக் கொழுப்பு.

கோங்காவில் ஒரு ஒல்லிப் பையன், பாஸ் கிதார், டிரம்ஸ், பியானோ. நடுவில் கறுப்புச் சட்டையில் பாப்பா, கழுத்தில் மாட்டின வாரில் ஜெர்சி மாடு பளபளத்தது. பாஸ் முதலில் தனியாக ஆரம்பித்தது. மேல் கோங்கா ஏறியது. குழுவே சேர்ந்து ‘மன்தேகா!’ என்று கூவியது. அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

என் கை தானாக எழுந்தது. இரண்டு முன்னால், மூன்று பின்னால். சரியாக விழுந்தது, சத்தியமாக. கோங்காப் பையன் ஒருகணம் சத்தம் வந்த திசையைப் பார்த்துத் தலையாட்டினான். அவன் கடுப்பில் ஆட்டினானா பாராட்டினானா என்று இன்றுவரை நான் ஆராயவில்லை. உத்திரமேரூருக்கும் ஹவானாவுக்கும் நடுவே இருந்த கடலெல்லாம் வற்றிவிட்டது.

அப்போது வந்தது கில்லெஸ்பியின் நடுப்பகுதி. அந்தப் பதினாறு பார். அதில் லத்தீன் நடை போய் ஜாஸ் நடை வந்துவிடும். கோங்கா அடங்கி, டிரம்ஸ் வேறு விதமாக நடக்கும். இது எனக்குத் தெரியும். இந்த இடம் எப்படிப் பிறந்தது என்று கரும்புக்காரருக்கே பாடம் எடுத்தவன் நான். ஆனால் வீட்டில் சாதகம் பண்ணும்போது இந்த இடம் வந்தால் பாப்பா, “அப்பா, நீங்க காப்பி குடிங்க” என்பாள், நானும் குடிப்பேன். மேடையில் யாரும் காப்பி கொடுக்கவில்லை. நான் தட்டிக்கொண்டே இருந்தேன். எல்லோரும் மெத்தையில் நடப்பதுபோல் போய்க்கொண்டிருக்க, நான் ஒருவன் மட்டும் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். தடுமாறினேன். தகிடவா, தகதிமியா? எங்கேயோ ஒரு பாரை விழுங்கிவிட்டேன். பழைய நடை திரும்பி வந்தபோது முழுக் கம்பீரத்தோடு மறுபடி பிடித்தேன்.

தலைமாடு கால்மாடு மாறியிருந்தது.

எனக்குத் தெரியவில்லை. தப்பாகத் தட்டுகிறவனுக்குத் தெரியாது என்பதுதான் இதில் உள்ள வசதி. முன்வரிசை வழுக்கை மெதுவாகத் திரும்பியது. என் மகன் நாற்காலியில் சறுக்கிக்கொண்டே கீழே போனான். பாப்பா தனியாக வாசிக்க வேண்டிய கட்டம் ஆரம்பிக்க ஒரு நொடி இருக்கும்போது என் இரண்டு கையின்மேலும் ஒரு கை வந்து அழுந்தியது. வளையல் இல்லாத கை.

“விடுங்க” என்றாள் என் மனைவி. “அவ மூச்சு எடுக்கறா.”

எடுத்தாள். நான் ஊசி விழுந்தால் கேட்கிற மாதிரி அதைக் கேட்டேன். பிறகு அந்தப் பித்தளைக்குள்ளிருந்து வந்தது எனக்குப் பழக்கமில்லாத குரல். முதலில் கீழே, தொண்டைக்குள் ஏதோ சொல்கிற மாதிரி. கோங்கா கேள்வி கேட்டால் பதில். பதிலை அரைகுறையாக நிறுத்திவிட்டு ஒரு இடைவெளி, அந்த இடைவெளியில் பாஸ் மட்டும். திரும்ப மேலே ஏறினாள், ஏறிக்கொண்டே போனாள், இதற்குமேல் மூச்சு ஏது என்று நான் என் மூச்சைப் பிடித்துக்கொண்ட இடத்தில் ஒரே சுரத்தில் நின்றாள். ஐந்தரை மணிச் சுரம். எருமை பதில் சொல்லுமே அது. ஆடாமல் அசையாமல் நின்றது. என் மனைவியின் விரல் என் புறங்கையில் லேசாகத் தட்டிக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். இரண்டு. பிறகு மூன்று. கோலாட்டக் குச்சியைக் கையால் தொடாதவள். மாவரைத்துக்கொண்டும் கீரை கடைந்துகொண்டும் கேட்டவள்.

அக்கா என் பக்கம் சாய்ந்து காதோடு சொன்னார்: “தம்பி, இப்ப தண்ணி எடுத்துருச்சு.”

முடிந்ததும் எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. மனைவி இன்னும் என் கையை விடவில்லை.

வெளியே பாப்பா ஓடிவந்து பாட்டி எங்கே என்றாள், பசிக்குது என்றாள், புளிசாதம் மிச்சம் இருக்கிறதா என்றாள். கைத்தட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவள் வாத்தியார், தாடி வைத்த சின்னப் பையன்தான், என்னிடம் கை குலுக்கி, “சார் மியூசிஷியனா?” என்றார். உரக்கடை என்றேன். “ஆ” என்றார். அந்த ‘ஆ’வில் நிறைய விளங்கியது.

வீட்டுக்கு வந்து சேர இரவு பதினொன்று. அம்மா விழித்திருந்தாள். கண்ணன் பாட்டு எப்படி என்று கேட்டாள். அக்கா தெருவில் நின்றபடியே, கிருஷ்ணனே வந்து வெண்ணெய் தின்ன மாதிரி இருந்தது என்று சாட்சி சொல்லிவிட்டுப் போனார்.

நான் திண்ணையில் உட்கார்ந்து வீடியோவைப் போட்டேன். ஏழு நிமிஷம். படம் முழுவதும் வழுக்கை. ஓரத்தில் பாப்பாவின் முழங்கை ஒன்று அவ்வப்போது வந்து போனது. சத்தம் அதைவிட மோசம். போன் என் நெஞ்சிலேயே இருந்ததால் என் கைத்தட்டு மட்டும் இடி மாதிரி விழுந்தது. முதல் பாதி சரி. பிற்பாதி எனக்கே தெரிந்தது. பார்த்துவிட்டு அழித்துவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் என் மகன் என் போனை வாங்கி, கேட்காமல், குடும்பக் குரூப்பில் போட்டுவிட்டான்.

இரண்டு நிமிஷம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு மச்சானிடமிருந்து குரல் செய்தி வந்தது. காரில் போய்க்கொண்டே பேசியிருக்கிறான். பின்னால் இண்டிகேட்டர் சத்தம் கேட்டது.

“மாமா, வீடியோ பார்த்தேன். கை தட்டறது ஜம்முனு கேக்குது. பின்னாடி யாரோ பீப்பீ ஊதி உங்கள டிஸ்டர்ப் பண்றாங்க மாமா.”